மூன்று தலைமுறை லென்ஸும் ஒரு பீரோவும்

இனிமேல் இந்த வீட்டில் விட்டுக்கொடுப்பதில்லை என்று லென்ஸ் டாக்டர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. வாய் நிறைய நுரை. உரக்கச் சொல்ல முடியவில்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் வீரம் பாதி வடிந்துவிட்டது.

சினிமா கேமராக்களை வாடகைக்கு விடும் கடையில் லென்ஸ்களைப் பழுது பார்ப்பவர் அவர். சொந்தமாகவும் மூன்று வைத்திருந்தார், படுக்கையறை பீரோவில். ஒரே அளவு, மூன்று தலைமுறை. கண்ணாடியில் பூச்சே இல்லாத கிழ லென்ஸ் தாத்தா. ஒற்றைப் பூச்சு பூசியது அப்பா. பல அடுக்குப் பூச்சோடு வந்த புதுசு பேரன். பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று பீரோவுக்குள் எந்நேரமும் ஒரு குட்டி பல்ப் எரியும்.

மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. தைத்த துணிகளை வைக்க இடமில்லை. அவை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. மனிதர்கள் நின்றார்கள்.

"என்னங்க, ஒண்ணு இருக்கட்டும். மத்த ரெண்டையும் உங்க கடையில வச்சுக்கோங்க. எனக்கு பீரோ வேணும்."

"மூணும் ஒண்ணா? தாத்தா எடுத்தா வெளிச்சத்தைச் சுத்திப் பனி மாதிரி படரும். அப்பா எடுத்தா முகமெல்லாம் தேன் நிறம். பேரன் இருக்கானே, புருவத்து முடியை எண்ணிக் கையில குடுத்துடுவான்."

"படத்தைப் பார்த்ததும் எது எதுன்னு சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளு."

"எழுப்பினா காபிதான் கேப்பீங்க. இப்பவே கேக்குறேன். மூணு படம் காட்டுவேன். எது எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு சொல்லணும். எல்லாம் சரின்னா பீரோ முழுசா உங்களுக்கு. ஒண்ணு தப்பானாலும் பேரன் மட்டும்தான் இங்க."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நானா மாறுறவ?"

இருபது வருஷமாக அவருடைய சோதனைப் படங்களுக்கு முகம் கொடுத்தவள் அவள். லென்ஸ் மாட்டக் கழற்றத் தெரியும். அவரை மொட்டைமாடிக்குத் துரத்தினாள். காலேஜில் படிக்கும் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மாடியில் நின்றபடி அவர், பீரோவின் மேல்தட்டில் இன்னும் எத்தனை லென்ஸ் அடுக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டதும் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். கம்ப்யூட்டரில் முதல் படம். மகள் மங்கலாக, ஒளியில் கரைந்து, இப்போதுதான் எதையோ நினைத்துக்கொண்டவள் போல இருந்தாள். அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"தாத்தா! இந்த ஏக்கத்தைப் புதுக் கண்ணாடியால கொண்டுவரவே முடியாது. எத்தனை வருஷத்து வெளிச்சத்தைக் குடிச்சது இது!"

"சரி, அடுத்தது?"

"அப்பா. அந்தத் தேன் நிறத்தைப் பாரு. கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம்."

"மூடாதீங்க, இன்னொண்ணு இருக்கு."

"இது பேரன். சின்ன வயசுல நீ கீழே விழுந்த தழும்புகூடத் தெரியுதுடா கண்ணு."

மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்களில் நீர் தளும்பியது. அது ஆனந்தக் கண்ணீர் என்று அவர் நினைத்தார்.

"மூணுமே பேரன்ல எடுத்ததுங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"என்னது?"

"தேன் நிறத்துக்கு ஜன்னல்ல மஞ்சள் துணி கட்டினேன். அந்த ஏக்கத்துக்கு, லென்ஸ் கண்ணாடிக்குக் கிட்டப் போய் 'ஹா'ன்னு ஊதினேன்."

"இது மோசடி! மூணு லென்ஸ்லயும்னு சொல்லிட்டு…"

"அப்படிச் சொன்னேனா? எது எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னுதானே கேட்டேன். நீயே சொல்லுடி."

"அம்மா அப்படிச் சொல்லலப்பா," என்றாள் மகள்.

சாயங்காலத்துக்குள் தாத்தாவும் அப்பாவும் கடைக்குப் போகும் பைக்குள் இறங்கிவிட்டார்கள். பீரோவில் துணிகள் ஏறின. நாற்காலிகளில் மனிதர்கள் உட்கார்ந்தார்கள். லென்ஸ் டாக்டர் மட்டும் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நின்று முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் எடுத்தது என்று தெரிந்த பிறகும் அது அழகாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

மனைவி பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"வருத்தப்படாதீங்க. தாத்தா ஞாபகம் வந்தா சொல்லுங்க, ஊதித் தரேன்."