வொர்க்ஸ்பேஸ்காரரின் ஒரு வரி

தேனி ஜில்லாவிலேயே சீனி டப்பாவுக்கு விலாசம் எழுதிவைத்த ஒரே மனுசன் எங்கள் வொர்க்ஸ்பேஸ்காரர்தான்.

நான் அந்தக் கம்ப்யூட்டர் ஆபீசில் டீ போடுகிறவள். போடி ஏலக்காய் வியாபாரிகள் போனில் விலை பார்க்கிற ஆப் அங்கேதான் தயாராகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டாக எழுதுவார்கள். மூலையில் இருக்கிற சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தானாகச் சேர்த்துக் கட்டும். அதற்குப் பேர் பில்ட். கட்டுகிற இடம் தடவைக்குத் தடவை மாறுமாம். அதனால் இடத்தை நேராக எழுதக் கூடாது. ‘வொர்க்ஸ்பேஸ்’ என்று பேரை மட்டும் எழுதினால், எந்த இடம் என்பதைச் சர்வரே நிரப்பிக்கொள்ளும். யாராவது தன் கம்ப்யூட்டரில் இருக்கிற இடத்தை எழுதிவிட்டால் போச்சு, அவர் பிடித்துக்கொள்வார்; அவருக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான்.

“ஏலே, கூடலூர்ல உன் வீடு வடக்குத் தெருன்னா, தேனியிலயும் வடக்குத் தெருவுல போயி கதவத் தட்டுவியா?”

என் சமையல்கட்டும் தப்பவில்லை. எறும்புக்குப் பயந்து நான் டப்பாவை மாற்றி மாற்றி வைப்பேன். அவர் சுவரில் ஒரு சீட்டு ஒட்டினார்: ‘சீனி இடம் = ஜன்னல்.’

“ஆத்தா, டப்பா மாறுனா சீட்ட மட்டும் மாத்துங்க. யாரு கேட்டாலும் ‘சீனி இடத்துல இருக்கு’ன்னு சொன்னாப் போதும்.”

“நான்தான தம்பி எடுக்கேன். என்னைய யாரு கேக்கப் போறாக?”

“நீங்க லீவு போட்டா?”

நான் லீவே போட்டதில்லை. அவரும் எங்கேயும் போகமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

போன வருசம் கொச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் எனக்குக் கூச்சம். அவர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, வேலைக்கு வந்த புதுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். மறுநாளே பில்ட் நின்றுவிட்டது. எல்லாரும் தலையில் கை வைத்துத் தேடினார்கள். கடைசியில் ஒரு வரி கிடைத்தது: ஏலக்காய்ப் படத்தை அவருடைய கம்ப்யூட்டருக்குள் போய் எடுத்துவா என்று! எழுதியது யார்? சாட்சாத் அவரே.

போனில் சொன்னாலே போதும். வெட்கம் தாங்காமல் குமுளி பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார்.

“அண்ணே, நீங்க எந்தத் தெருக் கதவத் தட்டுனீக?”

“சிரிங்கடா, சிரிங்க. அவசரத்துல எழுதிட்டேன்.”

அன்றைக்கு நான் டீயில் இஞ்சி அதிகமாகத் தட்டிப் போட்டேன். பில்ட் நின்றதில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் நான்தான். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம்வரை உட்கார்ந்து எல்லா வரியையும் தேடித் தேடித் திருத்தினார்.

“இனிமே என்னையக் கூப்புடவே வேணாம் ஆத்தா!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சொன்னபடியே பில்ட் இன்றுவரை நிற்கவில்லை.

ஒரு வரியையாவது தப்பாக விட்டுவைத்திருக்கலாம் மனுசன்.