மணி அடிக்காத ஒருநாள்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். ஆனால் உங்கள் தங்கை நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை; சாப்பாட்டுத் தட்டை மட்டும் டங்கென்று வைக்கிறாள். அவள் உங்களிடம் சொல்வதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெண்ணுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதைக் காட்டிப் பள்ளியில் சிறப்பு ஆசிரியர் கேட்டால், "டாக்டர் சொன்னது சரிங்க. ஆனா வகுப்புல அவளுக்கு உதவி தேவைப்படுதான்னு எங்க ஆள் வந்து பாக்கணும்" என்றார் தலைமையாசிரியர். ஆள் வந்து பார்ப்பது என்றால் என்ன மச்சான்? இன்ஸ்பெக்‌ஷன். வருடக்கணக்காகத் தொழிற்சாலை கேண்டீனைக் கட்டி மேய்க்கிறவன் நான். அதிகாரி வருகிற அன்று விரிசல் விட்ட தட்டெல்லாம் பரணுக்குப் போய்விடும், இருமுகிற சமையல்காரருக்கு லீவு. எனக்கா சொல்லித் தர வேண்டும்? மணி அடித்தால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள், அப்புறம் அன்றைய படிப்பு அவ்வளவுதான். ஆகவே மணி அடிப்பவரின் கையைக் காலைப் பிடித்து அன்று ஒருநாள் அடிக்காமல் இருக்கச் செய்தேன், கடகடக்கும் மின்விசிறியை நிறுத்த வைத்தேன், அவளுக்குக் கதவோரமாக இடம் பிடித்தேன், அன்றைய பாடங்களை வரிசையாகப் படம் வரைந்து முதல் நாளே அவளுக்குக் காட்டினேன். மதிப்பீடு செய்கிற அம்மா வந்து உட்கார்ந்தார். பிள்ளை மடமடவென்று வாசித்தாள், கணக்குப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிவு வந்தது. நன்றாகப் படிக்கிறாள், உதவி தேவையில்லை, ஆகவே தகுதி இல்லை. "பாஸ் பண்றதுக்கு இதென்ன பரீட்சையா? உதவி வேணும்னு கேட்டுட்டு, எல்லாம் ஜோரா இருக்குன்னு காட்டிட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று உங்கள் தங்கை கத்தினாள். மறுநாள் மணி அடித்தது. பிள்ளை மேசைக்கடியில். நான் போய்த் தரையோடு தரையாகக் குனிந்து கூப்பிட்டேன், வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது மச்சான். இந்த உதவி கிடைக்காவிட்டால் அவள் படிப்பே போய்விடும். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் கணீர்க் குரலில் தலைமையாசிரியரிடம் சண்டை போட வேண்டும். நான் போனால் காரியம் கெட்டுவிடும் என்று உங்கள் தங்கை அபிப்பிராயப்படுகிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி, உங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
வீட்டில் வாயைத் திறக்க வழியில்லாத
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் என் சட்டைப்பையிலேயே சில வாரம் கிடந்துவிட்டது. சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் தங்கையே மதிப்பீடு செய்த அந்த அம்மாவைப் பார்த்து, என் கைவரிசையை ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்துவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இத்தனையும் செஞ்சா படிக்கிறாள்ல? அப்ப அவளுக்கு வேண்டிய உதவியே இதுதானே! உங்க வீட்டுக்காரர் ஒருநாள் செஞ்சதை இனி பள்ளிக்கூடம் தினமும் செய்யட்டும்" என்றாராம். மறுபடி வந்து, மணி அடிக்கிற நாளில் பார்த்து, தகுதி உண்டென்று எழுதிவிட்டார். சிறப்பு ஆசிரியரும் வந்துவிட்டார். தினமும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்த பிள்ளை, இப்போது விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பார்த்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அடுத்த வாரம் பள்ளிக்குப் பத்து நாள் விடுமுறை. அதை அவளிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. நீங்கள் அதற்கு வாருங்கள்.