டெலிவிஷனில் வந்த கை

"இந்த வீட்டுல ஒண்ணு டெலிவிஷன் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்!" என்று அறிவித்தேன்.

வெர்லீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"டெலிவிஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வாரன்டி இருக்கு, டெல்மர்" என்றாள்.

என் மனைவி சண்டை போடமாட்டாள். தகவல்தான் சொல்லுவாள்.

என் கோபம் நியாயமானதா என்று என்னையே பலமுறை விசாரித்திருக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஆள். எதையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் புரட்டினாலும் கோபம்தான் வருகிறது. நீங்களே சொல்லுங்கள். டெலிவிஷனில் ஒரு கன்ட்ரி பாட்டு, எங்கள் பக்கத்து நாட்டுப்புற ரகம். பாடுபவர் டஸ்டி ஹட்செல். முதலில் அவர் தொப்பியைக் காட்டுகிறார்கள். பிறகு பூட்ஸ். பிறகு மறுபடி தொப்பி, இந்தத் தடவை கீழேயிருந்து. கழுத்தில் கிட்டார் தொங்குகிறது. அதை அவர் வாசிப்பதில்லை. சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டை போட்ட மாதிரி அது சும்மா ஓர் அலங்காரம். புகை விடுகிறார்கள். மேடையில் தீப்பற்றிக்கொண்டதோ என்று நான் பலமுறை எழுந்து நின்றிருக்கிறேன். இரண்டு விநாடிக்கு ஒரு காட்சி. கண்ணைச் சிமிட்டினால் நாலு காட்சி போய்விடும்.

சரி, பாட்டு நின்று வாத்தியத்துக்கு நேரம் வருகிறது. பிடில்காரர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார். காட்டுவது டிரம்ஸ்காரரை. டிரம்ஸ்காரர் வெளுத்து வாங்குகிறார். காட்டுவது காதலன் தோளில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை. ஸ்டீல் கிட்டார் அழ ஆரம்பிக்கிறது. எவனோ சோளப்பொரி தின்கிறான். அவனைக் காட்டுகிறார்கள்!

அந்த ஸ்டீல் கிட்டார்தான் என் வாத்தியம். நாலு காலில் நிற்கிற குறுகலான மேஜை மாதிரி இருக்கும். மேலே கம்பிகள், கீழே பெடல்கள். இடது கையில் இரும்புத் துண்டை வைத்துக் கம்பிமேல் இழைக்கவேண்டும். வலது கை விரல்களால் மீட்டவேண்டும். பாதங்களுக்குப் பெடல். முழங்கால்களுக்கும் நெம்புகோல் உண்டு. உடம்பில் வேலை இல்லாமல் இருப்பது வாய் மட்டும்தான். அதற்கு வீட்டிலும் வேலை கிடையாது.

கன்ட்ரி பாட்டில் நெஞ்சைப் பிசைகிற அந்த அழுகைச் சத்தம் இருக்கிறதே, அது இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? வெர்லீனின் அண்ணன் கார்லிஸ் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். டென்னசி மாநிலத்தில் எங்கள் பக்கத்துக்கு அதுதான் பாராளுமன்றம். அங்கே ஒருநாள் அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"டஸ்டி ஹட்செல் கிட்டாரை என்னமா அழவைக்கிறான்யா!"

"அது அவர் கிட்டார் இல்ல மச்சான். ஸ்டீல் கிட்டார். நான் வாசிக்கிறேனே, அது."

"எது, அந்த இஸ்திரி மேஜையா?"

கடையே சிரித்தது. மூலையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகூடக் கத்தியது.

"மாப்ள, கோச்சுக்காத" என்றார். "அந்த மேஜையிலதான் சத்தம் வருதுன்னா டெலிவிஷன்ல காட்டியிருப்பான்ல? நான் கண்ணால பார்த்ததைத்தான் நம்புவேன்."

இப்போது புரிகிறதா, என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று?

இந்த நிலைமையில்தான் ஒரு வியாழக்கிழமை, கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரமான நாஷ்வில்லிலிருந்து போன் வந்தது. டஸ்டி ஹட்செல் குழுவின் ஸ்டீல்காரர் மீன் பிடிக்கப் போய், படகிலிருந்து இறங்கும்போது மணிக்கட்டை முறித்துக்கொண்டாராம். சனிக்கிழமை நேரடி ஒளிபரப்பு. வர முடியுமா? இரண்டாவது பாட்டின் நடுவில் அரை நிமிஷம் ஸ்டீல் தனியாக வாசிக்கவேண்டும்.

அரை நிமிஷம்! வாழ்க்கையில் முப்பது வருஷமாக மற்றவர்கள் முதுகைப் பார்த்தே வாசித்தவன் நான். எனக்குத் தெரிந்த அளவுக்குப் பாடகர்களின் பின்பாக்கெட் அவர்களுடைய தையல்காரருக்கே தெரியாது.

செய்தி கடைக்குப் போனது. கார்லிஸ் ஊரையே வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

"சனிக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுல உட்கார்ந்து பார்க்கப்போறோம். உன் கை அதுல ஓடுறதை நான் பார்த்துட்டேன்னா, இனிமே இஸ்திரி மேஜைங்கிற வார்த்தை என் வாயில வராது. பார்க்கலேன்னா..."

"பார்க்கலேன்னா?"

"சாகுறவரைக்கும் வரும் மாப்ள."

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். மேடை ஓரத்தில் ஒரு கேமரா. இந்தப் பக்கம் திருப்பினால் நான். அந்தப் பக்கம் திருப்பினால் ஜனங்கள். அதன் பின்னால் லோனி என்ற மலை போன்ற மனிதர், காய்ந்துபோன சாண்ட்விச் ஒன்றைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டீல் தனியா வாசிக்கிறப்ப நீங்க எதைக் காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"பாடுறவர் பாடாத நேரத்துல டைரக்டர் காபி குடிப்பாருங்க. அப்ப எங்க இஷ்டம். கண்ணுக்கு நல்லா இருக்கிறதைக் காட்டுவோம்."

"என் கையைக் காட்டலாமே?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சாண்ட்விச்சைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். டெலிவிஷனை நியாயத்தால் ஜெயிக்க முடியாது. வயிற்றால்தான் ஜெயிக்க முடியும். வெர்லீன் செய்கிற பீக்கன் பை எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். பை என்றால் தோளில் மாட்டுகிற பை அல்ல. மாவுக்குள் பீக்கன் கொட்டையும் பாகும் நிரப்பி, அடுப்பில் சுட்டுத் தின்கிற பை. அதற்காக மதம் மாறியவர்கள் உண்டு. பாப்டிஸ்ட் சர்ச்காரர்கள் எங்கள் மெதடிஸ்ட் சர்ச் விருந்துக்கு வருவதே அதற்குத்தான்.

"வெர்லீன், அவசரமா ஒரு பை வேணும்."

"யாருக்கு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் எதிர்ப்பாள் என்று நினைத்தேன். எதிர்க்காதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். நீ குடுத்தா லஞ்சம். நான் குடுத்தா உபசாரம்."

"அதுவும் சரிதான்."

"அவருகிட்ட என்ன சொல்லணும்?"

"கையைக் காட்டச் சொல்லு. முகம் வேண்டாம், தொப்பி வேண்டாம். கை! பாட்டுல இருக்கிற அத்தனை ருசியும் அந்தக் கையிலதான் இருக்கு, யாரும் அதைக் கண்டுக்கிறதே இல்ல, ஒரு தடவை ஜனங்க பார்க்கட்டும்னு சொல்லு."

"கை. ருசி. யாரும் கண்டுக்கிறதில்ல" என்று மனப்பாடம் செய்தாள். "எந்த நேரத்துல?"

"ரெண்டாவது பாட்டு நடுவுல."

"எனக்கு எங்க சீட்?"

"வாத்தியக்காரங்க குடும்பத்துக்கு மூணாவது வரிசை. எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான். முட்டை வாங்கிட்டு வா."

சனிக்கிழமை காலை அவள் பியூட்டி பார்லருக்குப் போய்விட்டு வந்தாள். பத்து விரலிலும் நகத்துக்குச் செர்ரிப்பழச் சிவப்பு. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கணவனின் பெருமைக்குரிய நாள் என்று இவ்வளவு மெனக்கெடுகிறாளே! நான்தான் இத்தனை வருஷமாக அவளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று என்னையே நொந்துகொண்டேன். ஆழமாக நொந்துகொள்வது எனக்குப் பழக்கம். தப்பான இடத்தில் நொந்துகொள்வதும்.

அரங்க வாசலில் காவலாளி, "பையைத் திறந்து காட்டுங்கம்மா" என்றான்.

வெர்லீன் இரண்டு பையையும் திறந்தாள். அவன் தோள்பையைப் பார்க்கவே இல்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. வழக்கம்போலப் புகை. வழக்கம்போலப் பின்பாக்கெட். இரண்டாவது பாட்டு. டஸ்டி ஹட்செல் பாடி நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். என் நேரம்.

ஸ்டீல் வாசிக்கிறவன் கம்பியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. இரும்புத் துண்டு ஒரு மயிரிழை நகர்ந்தால் சுருதி போய்விடும். அதனால் நான் எங்கும் பார்க்கவில்லை. ஆனால் ஓரக்கண்ணில் தெரிந்தது. லோனியின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது! இரண்டு விநாடி. பத்து விநாடி. அரை நிமிஷமும் எரிந்தது. டெலிவிஷன் சரித்திரத்தில் முதல் தடவையாகக் காட்சி மாறவில்லை. நான் வாசித்தேன் பாருங்கள், என் கைகளுக்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது. விரல் முட்டியில் ஒரு வருஷமாக இருந்த வலிகூடக் கச்சேரி கேட்க உட்கார்ந்துவிட்டது.

காரில் வரும்போது வெர்லீன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள். நான் மன்னிக்கும் மனநிலையில் இருந்தேன். டெலிவிஷனை மன்னித்தேன். கார்லிஸைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் சர்ச் முடிந்து கார்லிஸ் வீட்டில் விருந்து. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தலை குனிந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"கொஞ்சம் தள்ளு மாப்ள" என்றார் கார்லிஸ். "தங்கச்சியை மறைக்கிற."

நான் தள்ளினேன். பதிவுசெய்து வைத்திருந்ததைப் போட்டார். தொப்பி. பூட்ஸ். புகை. தொப்பி. என் வாசிப்பு ஆரம்பித்தது. என் சத்தம்தான், சந்தேகமே இல்லை. திரை முழுக்க இரண்டு கைகள்.

பத்து விரலிலும் செர்ரிப்பழச் சிவப்பு.

கைக்குட்டையை அந்தக் கைகள் மெதுவாக முறுக்கின. என் ஸ்டீல் ஒரு சுருதி ஏறியது. கை மேலே போய்க் கண்ணோரத்தைத் துடைத்தது. ஸ்டீல் இறங்கியது. கை மடியில் வந்து படிந்தது. அரை நிமிஷம். நடுவில் ஒரு வெட்டு இல்லை. காதலன் தோளில் பெண் இல்லை. சோளப்பொரி இல்லை. முப்பது வருஷமாக நான் டெலிவிஷனிடம் எதைக் கேட்டு மன்றாடினேனோ, அதைச் செய்திருந்தார்கள். வேறு கைக்கு.

கார்லிஸின் மனைவி மூக்கைச் சிந்தினாள். "அந்தக் கையிலதான் எவ்வளவு உணர்ச்சி!"

நான் வெர்லீனைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனேன்.

"நீ லோனிகிட்ட என்ன சொன்னே?"

"நீ சொன்னதைத்தான். அத்தனை ருசியும் கையிலதான் இருக்கு, யாரும் கண்டுக்கிறதில்ல, ரெண்டாவது பாட்டு நடுவுல காட்டுங்கன்னேன்."

"யார் கைன்னு சொன்னியா?"

"அவரு கேக்கலியே! வாய் நிறையப் பை. என் கையைப் பார்த்தாரு, தலையை ஆட்டினாரு. அவ்வளவுதான்."

"அது என்னோட வாசிப்பு, வெர்லீன்! என் அரை நிமிஷம்!"

அப்போதுதான் அவள் குரல் ஒரு பெடல் இறங்கியது.

"முப்பது வருஷமா மேடைக்குப் போறியே, உன் சட்டையை இஸ்திரி போட்டது யார் கை? என்னைக்காவது மைக்கைப் பிடிச்சுச் சொல்லியிருக்கியா? ரெண்டு விநாடி?"

அவள் கேள்வியை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அவள்தான் இருந்தாள்.

"அந்த அழுகையாவது நிஜமா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"நிஜம்தான். நீ நல்லா வாசிச்சே, டெல்மர். நான் ஒருத்தி கேட்டேன்ல?"

இந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் மனிதன் எப்படிக் கோபப்படுவான்? அதையும் பறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நாஷ்வில்லிலிருந்து மறுபடி போன். தாவி எடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வரவேண்டுமாம். அதே இடத்தில். மூன்றாவது வரிசையில். ஸ்டீல்காரருக்கு மணிக்கட்டு சரியாகிக்கொண்டு வருகிறதாம், அந்த அம்மா மட்டும் வந்தால் போதுமாம்.

வெர்லீன் உள்ளேயிருந்து தன் நீல கவுனை எடுத்து வந்து என் தோளில் போட்டாள்.

"இதுக்கு நீ இஸ்திரி போடு. டெலிவிஷன்ல வர்ற கை, சூடு பட்டுடக் கூடாது."

போட்டேன். மேஜைமேல் விரித்த துணியை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் பெட்டியை ஓட்டினேன். பழக்க தோஷம், முழங்கால்கூட அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

"என்ன பண்றே?"

"அசையாத. உன் கையைத்தான் எடுக்கிறேன். பாரு, முகம் இல்ல, தொப்பி இல்ல, வெட்டே இல்ல. முழுசா ஒரு நிமிஷம்."

எடுத்ததை அவள் அண்ணனுக்கு அனுப்பினாள். அவர் அதைத் தீவனக் கடை டெலிவிஷனில் போட்டு, ஊரையே கூட்டிக் காட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கண்ணால பார்த்துட்டேன் மாப்ள, இனி உன்னைச் சந்தேகப்படமாட்டேன். இஸ்திரி மேஜையேதான்!"