டைம் ஆபீஸ் அம்மா எழுதிய உரை

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி. நகரியத்து இலக்கிய மன்றத்தில் என் மனைவிக்கு நினைவுக் கூட்டம். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பேசியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும், அவள் பழந்தமிழ்ப் பாடல்களைக் கணவரிடம் பாடம் கேட்டு அறிந்தவள் என்றார்கள். கணவர் மறுக்கவில்லை. ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தேநீர் வழங்கப்பட்டது.

ஆறு பேரும் சொன்னது பொய். நெய்வேலியில் அவளைப் போலப் பழம்பாடல் படித்தவர் முன்னும் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை.

அவள் பெயர் எங்கள் பிளாக்கில் எவருக்கும் தெரியாது. மைன்ஸ் டைம் ஆபீஸில் முப்பது ஆண்டு வருகைப் பதிவு பார்த்தவள். ஆகவே கீரை விற்பவர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் டைம் ஆபீஸ் அம்மா. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று வந்தவள். அப்பாவின் கொல்லையை விழுங்கிய சுரங்கத்துக்கே ஆள் கணக்கெடுத்தாள். ஐந்து நிமிடத் தாமதத்தை அவள் மன்னித்ததாக வரலாறு இல்லை. எங்கள் திருமணத்துக்கு நான் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தேன். பேருந்து பழுது என்ற என் விளக்கம் கடைசிவரை அவளுடைய பரிசீலனையிலேயே இருந்தது.

நான் பள்ளித் தமிழாசிரியன். முனைவர் பட்டமும் உண்டு. அந்தப் பாடல்களை ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று கூறு போட்டவன். ஓய்வு பெற்றதும் நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே கட்டிய வீட்டில் புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். ஏணியை எதிர்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். அவள் ஓய்வு பெற்ற மறுநாள் ஏணி திரும்பி வந்தது.

"இத்தினி வருஷம் இத வெச்சி சம்பளம் வாங்கினீங்களே, உள்ள என்னாதான் இருக்குதுன்னு பாத்துடலாம்" என்றாள்.

காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஓரடி நான் வாசிப்பேன், ஓரடி அவள். முதல் பாட்டிலேயே பொருள் தேடிப் பிரிந்த தலைவன் ஒருவன் வந்து சேர்ந்தான். கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவன். அவள் புத்தகத்தை மூடினாள்.

"லீவு எழுதிக் குடுத்தானா?"

பாடல்களில் அவ்வழக்கம் இல்லை என்றேன்.

"மழ வந்துகினு இருக்குது, ஆளக் காணோம். அப்ப ஆப்சென்ட்."

ஒரு நோட்டில் கோடு கிழித்துப் பதிவேடு தொடங்கினாள். தலைவன் போன பருவம், வருவதாகச் சொன்ன பருவம், வந்த பருவம், குறிப்பு. பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வாயிலில் நின்றவனுக்கு, 'கேட்டிலேயே நிறுத்தவும்' என்பது குறிப்பு. எனக்குச் சினம் மூண்டது. சிவப்பு மை கொண்டு அவள் பிழைகளைத் திருத்தினேன். 'ஆப்சென்ட்' என்பதை அடித்து 'வாரான்' என்று எழுதினேன். அதன் கீழே அவள் மறுபடியும் 'ஆப்சென்ட்' என்று எழுதினாள்.

பிறகு ஒரு பாட்டு வந்தது. மழை பெய்கிறது, தலைவன் வரவில்லை, தலைவி கலங்குகிறாள். தோழியோ, இது கார்காலமே அன்று, பருவம் தவறிப் பெய்யும் மழை என்கிறாள். நான் வகுப்புக் குரலில் இலக்கணக் குறிப்புச் சொன்னேன்.

"இது ப்ராக்ஸிங்க" என்றாள் அவள். வராதவனின் கார்டைக் கூட்டாளி பஞ்ச் செய்வதற்கு டைம் ஆபீஸில் அதுதான் பெயர். அப்படிச் செய்த பலரைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். தோழிக்கு மெமோதானே என்று கேலியாகக் கேட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "இவளுக்கு வேணாங்க. பொய்யின்னு சொல்றவளுக்கும் தெரியும், கேக்கறவளுக்கும் தெரியும். இருந்தாலும் யாராச்சும் ஒருத்தர் சொல்லணும் இல்ல?"

முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் நடத்திய பாட்டு அது. அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து புத்தகத்தை முதலில் எடுத்து வைத்தவன் நானே.

இந்த ஆடியில் அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம், மருத்துவரே சொல்லிவிட்டார் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. வூட்டத் தூத்து வைக்கச் சொல்லுங்க" என்றாள். மெமோ கொடுக்கவில்லை.

நினைவுக் கூட்டம் முடிந்ததும் மன்றச் செயலர் என்னிடம் வந்தார். பார்வைக்கென மேசைமேல் வைத்திருந்த அவள் நோட்டு அவர் கையில் இருந்தது.

"ஐயா, இத ஒரு மலரா போட்டுடலாங்க. ஆப்சென்ட், ப்ராக்ஸியெல்லாம் எடுத்துடலாம். நீங்கதான் கைப்படத் திருத்தி வெச்சிருக்கீங்களே. 'கணவர் கற்பித்த தமிழ்'னு தலைப்புக் குடுத்தா எடுப்பா இருக்கும்."

சிவப்பு மையை விரலால் தொட்டுக் காட்டினார். ஆறு பேரும் அதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது என் கையெழுத்து. அவர்மேல் வந்த கோபம் அவரோடு நிற்கவில்லை.

"அது எனக்கு அவ நடத்தின பாடம். சிவப்புல இருக்கறதெல்லாம் தப்பு" என்றேன். நோட்டை வாங்கிக்கொண்டு, தேநீரைத் தொடாமல் வெளியேறினேன்.

செய்யாமல் நிற்பவை:

செயலரிடம் வருத்தம் தெரிவிப்பது. இம்மாதம் இயலாது.

சிவப்புத் திருத்தங்களை நீக்குவது. மை தாளில் ஊறிவிட்டது. ஒவ்வொன்றின் அருகிலும் 'தவறு' என்று எழுத வேண்டும்.

பதிவேட்டைப் பிழைகளோடு அச்சிடுவது. அட்டையில் அவள் பெயர் மட்டும்.

ஆடியில் பாதியில் நின்ற நூற்றெட்டாம் பக்கத்துப் பாட்டை முடிப்பது. மூன்றாம் அடியை நான் வாசித்துவிட்டேன். நான்காவது அவளுடையது.