சுனையில் நின்ற வெண்கலக் கால்

பொன்னாவரை நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். அதை வரைந்த அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு துறைக்குப் போனபோது வரைபடத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில் குளிர்சுனைப் பள்ளத்தாக்கு இருந்தது. நாற்பது வீடுகள், ஒரு சோலைக்காடு, காட்டின் நடுவே ஒரு சுனை. நாற்பது வீட்டாருக்கும் குடிநீர் அந்த ஒரே சுனைதான். அதை விட்டால் அரை நாள் மலையிறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும்.

சோலையில் இருவாட்சிப் பறவைகள் கூடு கட்டும். அவற்றைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களை அழைத்துப் போவதும், சோறு போடுவதும், திருப்பி அனுப்புவதும் நாற்பது வீட்டாரின் பொறுப்பு. விதிகள் கொஞ்சம்தான். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். வழிகாட்டி எப்போதும் கடைசியில்தான் நடப்பார். முன்னால் போகிறவர் மிதித்த செடியை நிமிர்த்திவிட்டு வருவது அவர் வேலை. வாசல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஒரு காட்டுக்கொடி. அதை அவிழ்த்தால் திறப்பு, கட்டினால் அடைப்பு.

ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்பதைச் சுனைதான் சொல்லும். நாற்பது வீட்டாரும் ஆண்டுக்கொரு முறை கூடி ஒருத்தியைச் சுனைக்காரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் தினமும் காலையில் சுனையில் இறங்கி நிற்பாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டால் பன்னிரண்டு பேர். கணுக்காலோடு நின்றால் ஆறு பேர். அதற்கும் கீழே போனால் கொடியைக் கட்டிவிடுவார்கள். பிறகு யார் வந்து கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். இந்தக் கதை நடந்த காலத்தில் சுனைக்காரி நஞ்சி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள், பேசினால் குழைய மாட்டாள்.

ஒரு மாசி மாதம் இயற்கை வளத்துறை அமைச்சர் வாகைநம்பி இருபது பேர் பரிவாரத்தோடு வந்து கொடிக்கு முன்னால் நின்றார். அன்றைக்குக் கணுக்கால் தண்ணீர். அமைச்சருக்கு முன்பே ஆறு பேர் உள்ளே போயிருந்தார்கள்.

"நான் யார் என்று தெரியுமா?" என்றார் அமைச்சர்.

"தெரியாம என்னங்கய்யா, அமைச்சருங்க. ஆனா ஏழாவது ஆளு. நாளைக்கு வெள்ளன வாங்க, மொத ஆளா விடுறேன்" என்றாள் நஞ்சி.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அமைச்சர் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பரிவாரத்தினர் தலைநகர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் ஆணை வந்தது. 'சுனைக்காரி ஆண்டுதோறும் மாறுகிறாள். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. குடிமக்களின் கால்கள் சீரற்றவை என்பதால் இனி மாமன்னரின் திருக்காலே அளவு. மற்றபடி பள்ளத்தாக்கை மக்களே நடத்துவார்கள்.' முழங்கால்வரை வார்த்த ஒரு வெண்கலக் கால், எட்டு மாடு பூட்டிய வண்டியில் மேளதாளத்தோடு வந்து இறங்கியது. சும்மா சொல்லக்கூடாது, நரம்பெல்லாம் தெரியும்படி அருமையான வேலைப்பாடு. நஞ்சி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா எங்க காலு தப்பா நின்னா எங்க வீட்டுப் பானைதான் காயும். அந்தப் பயத்துல சரியா நிப்போம். இந்தக் காலுக்குத் தாகம் எடுக்குமாங்கய்யா?"

"வெண்கலத்துக்குத் தாகம் எடுக்காது. அதனால்தான் அது நடுநிலையானது" என்றார் காலோடு வந்திருந்த அமைச்சர். கூட வந்த அதிகாரிகள் அதை உடனே குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் ஆணை எண்ணிக்கையைப் பற்றியது. பழைய வழக்கப்படி பன்னிரண்டுதான், அதை அரசு மாற்றாது. ஆனால் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு குழுக்கள் என்று விளக்கம் தரப்பட்டது. ஒரு குழுவில் எத்தனை பேர் என்று ஆணையில் இல்லை. மூன்றாம் ஆணை, வழிகாட்டி பின்னால் நடப்பது நாட்டின் தலைமைப் பண்புக்கு இழுக்கு என்றது. இனி அவர் கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டும். 'எளிய வருகை, மாசற்ற வருகை, மக்களின் வருகை' என்று அந்தக் கொடியில் எழுதியிருந்தது.

முன்னால் நடந்தவருக்குப் பின்னால் நடப்பது தெரியவில்லை. அறுபது அறுபது பேராக வந்தார்கள். ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அளவுக்கு அகன்றது. சுனையைச் சுற்றி மெத்தையாகக் கிடந்த பாசி, காலடிபட்டு உரிந்து போனது. மழைநீரைப் பிடித்து வைத்துச் சுனைக்கு ஊட்டியது அந்தப் பாசிதான். இருவாட்சிகள் அந்த ஆண்டு கூடு கட்டவில்லை. சித்திரையில் தண்ணீர் வெண்கலக் கணுக்காலுக்குக் கீழே இறங்கியது.

நஞ்சி ஓடிப் போய் வாசலில் காட்டுக்கொடியைக் கட்டினாள். காவலர்கள் அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினாள். விஷயம் தலைநகருக்குப் போய், அமைச்சரே நேரில் வந்து சுனையைப் பார்வையிட்டார்.

"மன்னரின் கால் உயரவில்லை. தண்ணீர் தாழ்ந்தது என்று சொல்லவும் ஆதாரமில்லை. ஆகவே இடையிலுள்ள தரைதான் மேலே ஏறியிருக்கிறது" என்று அறிவித்தார். "தோண்டிக் காலை ஒரு முழம் இறக்குங்கள்."

இறக்கினார்கள். அடடா, தண்ணீர் மறுபடி முழங்காலைத் தொட்டது! பன்னிரண்டு குழுக்களும் உள்ளே போயின. ஒரு மாதத்தில் மீண்டும் குறைந்தது, மீண்டும் இறக்கினார்கள். மூன்றாம் முறை கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது நஞ்சி சுனைக்குள் இறங்கிக் குறுக்கே நின்றுகொண்டாள். அவளோடு வழிகாட்டி கெம்பனும் இறங்கினான். கையில் அந்த எளிய வருகைக் கொடியை வைத்திருந்தான், பாவம், அதைக் கீழே வைத்தால் வேலை போய்விடும்.

"ஐயா, அடியில களித்தரை இருக்குங்க. சட்டிக்கு அடி மாதிரி. அதைக் குத்துனா தண்ணி எங்கயோ போயிரும், திரும்ப வராது. நாற்பது வீட்டுக்கும் இதுதான் தண்ணி. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்" என்றாள் நஞ்சி. குழையாதவள் அன்று குழைந்தாள்.

"வளர்ச்சியைத் தடுக்கிறாயா?" என்றார் மேற்பார்வைக்கு வந்திருந்த அமைச்சர்.

"வளர்ச்சியைத் தடுக்கலீங்க, கடப்பாரையைத் தடுக்குறேன்."

இருவரையும் காவலர்கள் கைத்தாங்கலாகத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். அரசு ஆவணத்தில் 'மூத்த பங்குதாரர்கள் மரியாதையுடன் மேடையில் அமர்த்தப்பட்டனர்' என்று இருக்கிறது. மூன்றாவது குத்தில் களித்தரை உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. உச்சிவெயில் ஏறுவதற்குள் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கிப் போய்விட்டது. வெண்கலக் கால் வெறும் குழியில் நின்றது.

நாற்பது வீட்டுப் பெண்களும் குழியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நஞ்சி அழவில்லை. மன்னருக்கு ஓலை அனுப்பச் சொன்னாள்.

"ராசாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. அவரே வந்து எறங்கி நின்னா ஒத்தை நொடியில புரிஞ்சிரும். வெண்கலத்துக்குத் தெரியாது, மனுசக் காலுக்குத் தெரியும்ல" என்றாள்.

மன்னர் வருவதாகவே பதில் வந்துவிட்டது! வரும் வெள்ளிக்கிழமை. பள்ளத்தாக்கே ஆடிப்போனது. வீட்டுக்கொரு குடம் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. குழந்தைகளுக்கு ஒரு மடக்கு, கிழவர்களுக்கு அரை மடக்கு என்று வெள்ளிவரை ஓட்டினார்கள். வியாழக்கிழமை மாலை அமைச்சரின் ஆள் வந்து, மன்னரைப் பூரண கும்பத்தோடு வரவேற்பதுதான் முறை, வீட்டுக்கொரு நிறைகுடம் வேண்டும் என்றான். தயங்கியவர்களிடம் நஞ்சியே போய்ப் பேசினாள். ராசா வருகிறார், நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும், இருக்கிற தண்ணீரைச் சேர்த்தாவது சில குடங்களை நிறைத்துக் கொடுங்கள் என்றாள். கொடுத்தார்கள். மாவிலை செருகி, மஞ்சள் பூசி, தங்கள் கையாலேயே தூக்கிக்கொண்டு போய் வரிசையாக வைத்தார்கள்.

மன்னரின் பல்லக்கு கடைசி வளைவில் திரும்பும்போது அமைச்சர் கையசைத்தார். காவலர்கள் குடங்களை எடுத்து மளமளவென்று குழிக்குள் ஊற்றினார்கள். யாருக்கும் ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது மன்னர் பாதுகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் குழியில் இறங்கி நின்றார். தண்ணீர் கணுக்கால்வரை இருந்தது.

"குளிர்ச்சியாக இருக்கிறது" என்றார் மன்னர்.

நஞ்சி குழியின் விளிம்புக்கு ஓடி வந்தாள். "ராசா, அது சுனைத் தண்ணி இல்ல! எங்க குடத்துத் தண்ணி! எங்க புள்ளைங்க குடிக்க வச்சிருந்த தண்ணி!"

"என்ன சொல்கிறாள்?" என்று மன்னர் கேட்டார். மலையில் பேசும் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"எல்லாம் எங்கள் தண்ணீர், எங்கள் பிள்ளைகளின் தண்ணீர் என்று பெருமை கொள்கிறாள், மன்னா. மக்களே நடத்தும் திட்டத்தின் வெற்றி இதுதான்" என்றார் வாகைநம்பி.

மன்னர் மனம் நெகிழ்ந்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார், அதில் நடிப்பில்லை. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நஞ்சியின் கையில் கொடுத்துவிட்டுப் பல்லக்கில் ஏறினார். பல்லக்கு வளைவைத் தாண்டுவதற்குள் குழி காய்ந்துவிட்டது. கெம்பன் முதல்முறையாகக் கொடியைக் கீழே போட்டான்.

மறுநாள் நாற்பது வீட்டாரும் கிளம்பினார்கள். கொண்டுவந்ததை எடுத்துப் போக வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் அம்மியையும் ஆட்டையும்கூட விடாமல் எடுத்துக்கொண்டார்கள். நஞ்சி கடைசியில் நடந்தாள். முன்னால் போனவர்கள் மிதித்த செடிகளை வழக்கம்போல நிமிர்த்திக்கொண்டே வந்தாள். குழியைக் கடக்கும்போது முத்துமாலையை வெண்கலக் காலில் மாட்டினாள். வாசலுக்கு வந்ததும் காட்டுக்கொடியை இழுத்துக் கட்டி, முடிச்சை இரண்டு முறை இறுக்கினாள்.

அந்த ஆண்டின் அரசு அறிக்கை சுருக்கமானது. 'குளிர்சுனைப் பள்ளத்தாக்கில் இப்போது ஒரு மனிதக் காலடியும் படுவதில்லை. மாசற்ற வருகை என்ற இலக்கு முழுமையாக எட்டப்பட்டது. கடைசியாக வந்து சென்ற நாற்பது குடும்பங்களும் மனநிறைவோடு திரும்பின. சுனையில் நீர்மட்டம்: மாமன்னரின் கணுக்கால், மாமன்னரே நேரில் சரிபார்த்தது.' இந்த வெற்றியை மற்ற ஊர்களுக்கும் கொண்டுசெல்ல மேலும் ஏழு வெண்கலக் கால்கள் வார்க்க உத்தரவானது.

ஆறு கால்கள் எங்கெங்கே போயின என்று அரசிதழில் பட்டியல் இருக்கிறது. ஏழாவது கால் போன இடத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் தண்ணீர் தேவைக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தால், தயவுசெய்து செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முறை நீங்களே இறங்கி நின்று பாருங்கள்.