மடியில் பதினைந்து எண்கள்

நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே சீட்டை அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்தின் செயலாளர் ஜெயபாரதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. லேப்டாப் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் சேவைச் சங்கத்து உறுப்பினர்கள் பேனாவும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. தம்போலா ஆரம்பிக்க வேண்டிய நேரம். பையிலிருந்து எடுத்துச் சொல்லும் எண் அவரவர் சீட்டில் இருந்தால் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

காலையில் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்திருந்தாள். முதல் உறுப்பினருக்கு வணக்கம், விளையாட்டு விதி, சீட்டின் படம் எல்லாம் சேர்த்து அழகாக ஒரு செய்தி தயாரித்தாள். வணக்கத்தை நாற்பத்திரண்டு முறை அடிக்கச் சோம்பல்பட்டு, அதையே ஐந்து ஐந்து பேராக ஃபார்வர்ட் செய்தாள். வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று அப்போது சந்தோஷப்பட்டது இப்போது நினைவுக்கு வந்தது.

தேனாம்பேட்டை இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் அவள் எழுதிய ஒரு காகிதமும் திரும்பி வந்ததில்லை. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே பெருமை அது.

"ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றார் தலைவர் சண்முகவேல். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கொரோனா வந்து, வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தார். "எல்லாருக்கும் விதி தெரியும்லா? வசூல்ல பாதி ஜெயிக்கிறவங்களுக்கு. பாதி, காலேஜ் பிள்ளைகளுக்குப் போன் வாங்க. யாரும் ஜெயிக்கலேன்னா முழுசும் போனுக்கு. அப்படி எந்தக் காலத்துலயும் நடந்தது கிடையாது, பாத்துக்கிடுங்க."

லேப்டாப்புக்குப் பக்கத்துச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆன்லைன் வகுப்புக்குப் போன் கேட்ட பதினோரு பேர். பாதி வசூலில் ஆறு போன்தான் வரும். ஏழாவது பெயர் அஃப்ரா.

போன வாரம் அஃப்ரா மனு கொடுக்க வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். தந்தை ஷரஃபுதீனுக்குத் தையல் வேலை நின்று ஒரு வருடம். வீட்டில் இருப்பது பட்டன் போன். தோழி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, கம்பி வழியாகத் தோழியின் போனைப் பார்த்துப் பாடம் கேட்கிறாள். பரீட்சைக்கு அப்படி நிற்க முடியாது. "ஆண்ட்டி, ஏழாவதுன்னா கிடைக்குமா?" என்று கேட்டாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "கிடைக்கும்மா" என்று ஜெயபாரதி சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லி நாற்பத்திரண்டு சீட்டையும் மறுபடி அனுப்ப உட்கார்ந்தால் ஆட்டம் கலையும். சீட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஏழாவது மட்டுமல்ல, முதல் பெயருக்கும் ஒன்றுமில்லை.

துணிப்பைக்குள் கையை விட்டு எண் எழுதிய ஒரு மரக்காயை எடுத்தாள். பதினேழு. அந்தச் சீட்டில் இருக்கும் எண். சொன்னால் நாற்பத்திரண்டு பேனாவும் ஒரே நேரத்தில் குனியும். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஒரு பரிசு; ஐந்தாவது எண்ணுக்கு நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். கை தானாகவே கேமராவுக்குக் கீழே இறங்கிக் காயை மடியில் போட்டது. அடுத்த காயை எடுத்தாள். இதில் தொல்லையில்லை.

"நாற்பத்து நாலு."

ஒரு சீட்டில் பதினைந்து எண்கள். பையில் தொண்ணூறு காய்கள். எழுபத்தைந்து எண்கள் வரை பிழைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை.

இருபது எண்கள் போனபின் முதல் குரல் வந்தது. வேன் ஓட்டும் கபாலி. "இன்னா மேடம், ஒரு நம்பர் கூட வர மாட்டேங்குது? என் சீட்டு வெள்ளையா கீது."

"நமக்கும் ஒண்ணும் விழல," என்றார் தலைவர். "பைய நல்லா குலுக்குங்க மேடம்."

குலுக்கினாள். மடியில் இருந்த காய்களும் சேர்ந்து குலுங்கின. முழங்காலை இறுக்கிக்கொண்டாள்.

முப்பத்தைந்தாவது எண்ணில் கணவர் சக்திவேல் காபி டம்ளரோடு வந்து குனிந்தார்.

"மடியில என்ன ஜெயா?"

"ஒண்ணுமில்ல. போங்க."

மைக் திறந்திருந்தது.

"மேடம், மடியில இன்னா கீது?" என்றார் கபாலி.

"பூனை," என்றாள் ஜெயபாரதி. அந்த வீட்டில் என்றைக்கும் பூனை இருந்ததில்லை. சக்திவேல் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"பூனையா? காட்டேன்மா," என்றார் கைசர் ஜஹான். சங்கத்திலேயே மூத்தவர். அவரும் மகன் ஹம்மாத்தும் மருமகளும் ஒரே கட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஹம்மாத்துக்குப் பூனைன்னா உசுரு."

"தூங்குது."

"பாவம், தூங்கட்டும். நீ சொல்லு."

அறுபத்தொன்று. ஐந்து. எண்பத்தெட்டு. சொல்லச் சொல்ல அவளுக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. இத்தனை பேருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே வரவில்லை என்பதுபோலப் பேசினார்கள். இந்த ஒரு வருடமாக எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு, அவரவர் துரதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு. பக்கத்து வீட்டுச் சீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் என்னிடம் அகப்பட்டுக்கொள்வார்கள், இல்லை, நான்தான் அகப்பட்டுக்கொள்வேன் என்று திருத்திக்கொண்டாள்.

ஐம்பதாவது எண்ணில் அப்துல் கய்யூம் கையைத் தூக்கினார். மந்தைவெளியில் கண்ணாடிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர்.

"மேடம், இந்தச் சீட்டு ராசியில்ல. இன்னொண்ணு குடுங்க. அதுக்கும் சேத்துப் பணம் அனுப்பிடறேன்."

"அதுக்கென்ன, தாராளமா வாங்கலாம்," என்றார் தலைவர்.

புதுச் சீட்டு அனுப்பினால், இனி வரும் எண்களில் ஒன்றாவது அவருக்கு அடித்துவிடும். ஒருவருக்கு அடித்து மற்ற எல்லாருக்கும் அடிக்காவிட்டால் கேள்வி வரும். வியர்த்த விரலால் ஜெயபாரதி பழைய படத்தையே மறுபடி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவரிடம் அதே சீட்டு ஏற்கெனவே இருக்கிறதே.

கய்யூம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை நெடுநேரம் பார்த்தார்.

"இது நல்ல சீட்டு மேடம்," என்றார். "முதல் சீட்டைவிட எவ்வளவோ தேவலை."

கண்ணாடிக்கடைக்காரர், என்று நினைத்தாள் ஜெயபாரதி. அவருக்கே கண் போய்விட்டது. பாவம் என்றும் இருந்தது, கடவுள் காப்பாற்றினார் என்றும் இருந்தது. ஒரு மனிதரின் பார்வை மங்கியதற்காக நன்றி சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

எழுபதாவது எண்ணைச் சொல்லும்போது மடியிலிருந்து ஒரு காய் நழுவி, மொசைக் தரையில் உருண்டு, பீரோவில் போய் முட்டியது.

"பூனை எழுந்துடுச்சா?" என்றார் கபாலி.

"ஆமாம்."

"பால் ஊத்துங்க மேடம்."

எழுபத்தைந்தாவது எண்ணும் போனது. கை பைக்குள் துழாவியது. துணி மட்டும்தான் தட்டுப்பட்டது. வெளியே எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றார் தலைவர். மாடி அறையில் வேறு வேலையில்லாமல் எல்லா எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "நானும் எண்ணிப் பாத்துட்டேன். பதினஞ்சு நம்பர் பாக்கி. அந்தப் பதினஞ்சும் அப்படியே என் சீட்டுல இருக்கு. ஒண்ணுகூட வெளிய இல்ல. முழுச் சீட்டும் அடிச்சு ஃபுல் ஹவுஸ் எனக்குத்தான். சீக்கிரம் சொல்லுங்க மேடம்."

இருமல் வந்தது அவருக்கு. இருமிவிட்டுச் சிரித்தார். பத்து நாளாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்காதவள் அவள். எல்லாவற்றையும் பையில் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லி, நாற்பத்திரண்டு பேரும் கத்துவதைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. மன்னிப்புக் கேட்டுச் செயலாளர் பதவியை விட்டுவிடலாம். முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு முதல் காகிதம் திரும்பி வரும். வரட்டும்.

சுவரைப் பார்த்தாள். ஆறாவது பெயருக்குக் கீழே யாரோ பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். யாரோ இல்லை. அவள்தான்.

மடியில் மீதமிருந்த காய்களை இரண்டு கையாலும் அள்ளிக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"அந்தப் பதினஞ்சும் என்கிட்டதான் இருக்கு சார். ஒண்ணு பீரோவுக்கு அடியில இருக்கு."



"சொல்லுங்க அப்ப," என்றார் தலைவர் ஒன்றும் புரியாமல்.

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள். குரல் உயரவில்லை.

கைசர் ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகில் வந்தார்.

"சொல்ல வேணாம்மா. பூனையை இறக்கி விட்டுட்டு எழுந்திரு, கால் மரத்துப் போயிருக்கும். நீ அத்தனையும் சொல்லியிருந்தாலும் தலைவரைத் தவிர ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். எங்க வீட்டு மூணு போன்லயும் ஒரே சீட்டு வந்ததும் காலையிலேயே, உடம்பு முடியாத தலைவரை விட்டுட்டு, எல்லார்கிட்டயும் பேசிட்டேன். யாரும் ஜெயிக்கலேன்னா முழுசும் போனுக்குத்தானே. உன்கிட்ட சொன்னா வேற சீட்டு அனுப்பிடுவியேன்னுதான் சொல்லல."