கர்னலின் கோணல் முள்

கள்ளக்குறிச்சிச் சந்தைத் திடலில் எந்த ஆம்பளையை வேண்டுமானாலும் நிறுத்தி, "நேராகக் குறி பார்" என்று சொல்லுங்கள். இரண்டு விரற்கடை வலது பக்கம் தள்ளித்தான் பார்ப்பார். ஒரு ஊரையே இப்படிப் பழக்கிவைக்க ஒரு பட்டாளம் தேவைப்படும் என்று நினைப்பீர்கள். பலூன் கர்னல் ஒருவரே போதுமாக இருந்தார்.

வளையல் கடைக்கும் கரும்பு ஜூஸ் வண்டிக்கும் நடுவில் அவர் கடை. ஒரு கறுப்புத் துணி, அதில் வரிசை வரிசையாகப் பலூன், ஒரு பெஞ்சு, ஒரு காற்றுத் துப்பாக்கி. முறுக்கிய மீசை, பச்சை நிறக் காற்சட்டை. "எல்லையில நின்னவன் நானு" என்பார். எந்த எல்லை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். சேலம் மாவட்ட எல்லை. சோதனைச்சாவடியில் மூங்கில் கம்பை ஏற்றி இறக்கும் வேலை.

அவரை முதலில் பார்த்தபோது நான் கல்லூரியில் முதலாண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதால், கண்ணில் படும் எழுத்துப் பிழையை எல்லாம் திருத்துவது என் பொறுப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் நம்புகிறேன். கர்னலின் கடையில் ஒரு தகரப் பலகை தொங்கியது: 'இடது கை ஆளுங்களுக்கு அனுமதி இள்ளை.'

அதைப் படித்துக்கொண்டே துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"கைய மாத்திப் புடிம்மா."

"எனக்கு இதான் கை, பெரியப்பா."

"அது கையில்ல. பீச்சாங்கை. போர்டப் படிச்ச இல்ல?"

"படிச்சேன். 'இல்லை'க்குக் குண்டு ள வராது. தப்பா எழுதிக்கீறீங்க."

"அனுமதியே கெடையாதுன்றேன், அது குண்டு ள-வா இருந்தா இன்னா, ஒல்லி ல-வா இருந்தா இன்னா? போ காலேஜு, போ!"

அன்றிலிருந்து அவருக்கு நான் 'காலேஜு'.

இடது கை மேல் அவருக்கு ஏன் இந்த விரோதம் என்று ஜூஸ் வண்டி அக்கா சொன்னார். ஒரு திருவிழாவுக்குக் கர்னல் கடையை ஜீப்பில் ஏற்றி வெள்ளிமலைக்குக் கொண்டு போனாராம். சாமை விற்க வந்த ஒரு அம்மா, பிறந்ததிலிருந்து துப்பாக்கியைத் தொடாதவர், இடது தோளில் வைத்துப் பத்து முறை சுட்டார். பத்துப் பலூனும் காலி. பதினோராவது சுடும் முன் கர்னல் கடையைக் கட்டிவிட்டார். "மலைக்காத்து துப்பாக்கிக்கு ஆவல" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கியவர், மறுநாள் தகரப் பலகை எழுதினார். பீச்சாங்கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்பது அவர் முடிவு.

எனக்கும் அந்தக் கையால் பிரச்சினை வந்தது. சோற்றை அந்தக் கையால் தொட்டால் அம்மா அடிப்பார். ஆனால் எழுதும்போது ஒன்றும் சொன்னதில்லை. எந்தக் கையால் எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படித் தப்பித்த கை, கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்ததும் மாட்டிக்கொண்டது. முதல் நாள் நான் சுட்ட ஐந்து குண்டும் இலக்கின் வலது ஓரத்தில் போய் விழுந்தன.

பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் சார் தலையில் கை வைத்தார். "குண்டு மாத்துற கைப்பிடியே வலது பக்கம்தாம்மா இருக்கு. துப்பாக்கி செஞ்சவனே உன்ன நெனைக்கல. அடுத்த மாசம் துப்பாக்கி சுடுற அணிக்கு ஆள் எடுக்குறோம். அதுக்குள்ள நடுவுல சுடு, இல்ல கைய மாத்து. ரெண்டும் முடியலன்னா அணிவகுப்போட நின்னுக்க."

கையை மாற்றிப் பார்த்தேன். வலது தோளில் வைத்தால் வலது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு இடது கண்ணை மூட வேண்டும். என் இடது கண் தனியாக மூடாது. பேருந்தில் மூடிப் பழகினேன். சின்னசேலம் போகும் வரை எதிர் சீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அத்தோடு கையை மாற்றும் யோசனையைக் கைவிட்டேன்.

இடது கையால் நடுவில் சுடப் பழக வேண்டும். கல்லூரியில் ஆளுக்குக் கிடைக்கும் குண்டுகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஊரில் இருந்த ஒரே துப்பாக்கி கர்னலுடையது. காலை நேரத்தில் படைச் சீருடையோடு போய்க் கெஞ்சினேன். முடியாது என்றார். ஜூஸ் அக்காதான் கரும்பை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லையில நின்னேன் நின்னேன்னு பீத்திக்கினு கீறியே, மிலிட்ரி டிரெஸ் போட்ட புள்ள வந்து கேக்குது, குடுக்க மாட்டியா? நீ இன்னாய்யா கர்னலு?"

கர்னலின் மீசை இறங்கியது. துப்பாக்கியைக் கொடுத்தார்.

பத்துச் சுட்டேன். பத்தும் வெடித்தன. கர்னல் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் தலை நிமிர்ந்து கல்லூரிக்குப் போய்ச் சுட்டேன். ஐந்தும் வலது ஓரம்.

ஹவில்தார் சார், "கைய மாத்துறியா, ஆள மாத்தட்டுமா?" என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். துப்பாக்கியின் பின்னால் ஒரு சின்னப் பள்ளம், குழல் முனையில் ஒரு முள். பள்ளத்தின் நடுவில் முள், முள்ளின் தலைமேல் இலக்கு. இடது கைக்கும் வலது கைக்கும் கோடு ஒன்றுதான். மாறுவது பார்க்கிற கண்ணும் விசையை இழுக்கிற விரலும். வலது கைக்காரர் வெடுக்கென்று இழுத்தால் முனை இடது பக்கம் போகும். நான் இழுத்தால் வலது பக்கம். அப்படியிருக்க, கர்னல் துப்பாக்கியில் மட்டும் எனக்கு எப்படி நடுவில் விழுகிறது?

மறுநாள் ஒரு நூலை எடுத்துப் போய்ப் பள்ளத்திலிருந்து குழல் முனை வரை இழுத்துப் பிடித்தேன். முள் வலது பக்கம் சாய்ந்திருந்தது. முள் வலது பக்கம் சாய்ந்தால் குண்டு இடது பக்கம் போகும். வலது கைக்காரர் இழுப்பும் இடது, முள்ளின் இழுப்பும் இடது, பலூன் பிழைக்கும். என் கோணல் வலது, முள்ளின் கோணல் இடது, பலூன் செத்தது. மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"பெரியப்பா, முள்ள வளைச்சி வச்சிக்கீறீங்க."

"நானா? அது பொறந்ததுலேர்ந்தே அப்பிடி."

"இதுல பழகினா நான் அணியில சேர முடியாது. நேராக்கிக் குடுங்க."

கர்னல் வெகுநேரம் வெறும் பலூனை ஊதிக்கொண்டிருந்தார். முள் நேரானால் ஊரே பலூனை உடைக்கும். கடை அவ்வளவுதான். பிறகு பையைத் திறந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்தார். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. பிறவிக் கோணல் முள்ளுக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தினமும் காலையில் எனக்காக முள்ளை நேராக்குவார். நான் போனதும் வியாபாரத்துக்கு வளைத்துக்கொள்வார். நேரான முள்ளில்தான் என் விரலின் லட்சணம் எனக்கே தெரிந்தது. "மாட்டுக் கயித்த இழுக்கிற மாறி இழுக்காத. எலுமிச்சம்பழத்தப் புழியிற மாறி அமுக்கு" என்று ஜூஸ் வண்டியிலிருந்து குரல் வரும். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான். மெல்ல மெல்லக் குண்டு நடுவுக்கு வந்தது.

அணித் தேர்வுக்கு முந்தின நாள் சந்தை. காலையில் நான் சுட்டு முடித்ததும் கர்னல் முள்ளைப் பிடித்தவர், அப்படியே கையை எடுத்துவிட்டார். வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி முள்ளின் அடி வெளுத்துப் போயிருந்தது.

"இன்னொரு வாட்டி வளைச்சா ஒடஞ்சிடும் பாப்பா."

"அப்ப இன்னைக்கு வியாபாரம்?"

"ஒடஞ்சா நாளைக்கிக் காலையில நீ எதுல சுட்டுட்டுப் போவ?"

தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு கடையைத் திறந்தார். முதலில் ஒரு டிராக்டர்காரர் வந்தார். பல வருஷ வாடிக்கை. சுட்டார். பலூனுக்கு வலது பக்கம் துணி ஆடியது. மறுபடியும் சுட்டார். மறுபடியும் துணி. அடுத்தவர் வந்தார். துணி. அதற்கு அடுத்தவரும் துணி. கோணல் துப்பாக்கிக்குத் தக்கபடி வலது பக்கம் தள்ளிச் சுடப் பழகிய கண்களுக்கு, நேரான துப்பாக்கி பிடிபடவே இல்லை. மத்தியானத்துக்குள் ஒரு கூட்டம் கர்னலைச் சூழ்ந்துகொண்டது.

"யோவ் கர்னலு, துப்பாக்கில இன்னாத்தையோ கோல்மால் பண்ணிக்கினு கீற நீ!"

"இத்தினி வருசம் நாயமா இருந்த ஆளு, இப்ப ஏமாத்த ஆரம்பிச்சிட்டான்யா!"

கர்னல் கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா இன்னைக்கிதான்யா நேரா கீது!" யாரும் நம்பவில்லை. ஜூஸ் அக்கா சிரித்த சிரிப்பில் கரும்பு இயந்திரமே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அந்தத் துப்பாக்கியில் ஐந்து பலூன் சுட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். இடது தோளில் வைத்து, எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொண்டு அமுக்கினேன். நான்கு குண்டு நடுவில். ஒன்று மட்டும் பழைய பாசத்தில் கொஞ்சம் வலது பக்கம். ஹவில்தார் சார் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்தக் கையா இருந்தா என்னம்மா, நான் என்னைக்குக் கையப் பத்திப் பேசினேன்?" என்று பட்டியலில் என் பெயரை எழுதினார்.

சொல்லலாம் என்று சந்தைத் திடலுக்கு ஓடினேன். கர்னல் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் புடைத்தபடியே என் முகத்தைப் பார்த்தார். தகரப் பலகையைக் கண்ணால் காட்டினார். 'இடது கை ஆளுங்களுக்கு அனுமதி இள்ளை' என்பதற்குக் கீழே, ஈரம் காயாத பெயின்டில் புதிதாக ஒரு வரி: 'எங்க பாப்பா தவிற.'

பழைய குண்டு ள ஒன்று, புதிய வல்லின ற ஒன்று. பேனா என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.